கரிசலில் காய்த்த பன்னீர் திராட்சை

அப்பா குடிக்கிறவர் இல்லை. ஆனால் மதுவிலக்கு இருந்த அந்தக் காலத்தில், எங்கள் பக்கத்தில் போலீசுக்குப் பயப்படாமல் வீட்டில் திராட்சை ரசம் போட்டவர் அவர் ஒருவர்தான். மாதா கோயில் பூசைக்கான ரசம் அது. பங்குச் சாமியார் எழுதிக் கேட்டு வாங்கித் தந்த அனுமதிச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் மாதாவைக் கும்பிடும்போது சர்க்கார் முத்திரையையும் சேர்த்தே கும்பிட்டுப் போனார்கள்.

எங்கள் தோட்டம் சிறுமலை அடிவாரத்தில், செம்மண்ணும் சரளையுமான ஒரு சரிவில் இருந்தது. அந்த மண்ணில் தண்ணீர் நிற்காது. பகலெல்லாம் காய்ந்து கிடக்கும். பொழுது சாய்ந்ததும் மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும். அப்படிக் காய்ந்தும் குளிர்ந்தும் கிடப்பதால்தான் பன்னீர் திராட்சை சின்னதாகவும் நல்ல இனிப்பாகவும் பெயருக்கேற்ற வாசத்தோடும் பழுக்கிறது என்பார் அப்பா. பூசை ரசத்தில் திராட்சையைத் தவிர வேறு எதுவும் சேரக் கூடாது, சீனிகூட. சாடியைத் திறந்து ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுவார். பிறகு மலையைப் பார்த்துக்கொண்டே துப்பிவிடுவார். "நம்ம மண்ணு இதுல இருக்கு" என்பார். முழு டம்ளர் குடித்து நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் அப்போது நானும் அப்பாவும் மட்டும்தான். எனக்கு ஒரு தம்பி இருந்தான். பழம் பறிக்கிற நாளில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பழுத்த திராட்சை ஒரு நாள் பொறுக்காது என்று அப்பா கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது தம்பி இல்லை. கொஞ்ச நாளில், தாத்தாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அம்மா தன் ஊருக்குப் போனாள். அது ரெட்டியார்சத்திரத்தையும் தாண்டி, கரிசல் காட்டில் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருவாள். விருந்தாளிபோல இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவாள். முதல் கிறிஸ்துமஸ் முடிந்து போகும்போது, கவாத்து செய்து வெட்டிப் போட்டிருந்த கொடிக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனாள். அடுப்பெரிக்க என்று நினைத்துக்கொண்டேன். விறகை யாராவது நனைத்து எடுத்துப் போவார்களா என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி போதாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆள் இருக்காது. அப்பா பந்தலுக்கடியில் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். கூப்பிட்டால் "ம்" என்பார். சோறு போடும்போது அம்மாவின் வட்டிலையும் நான் எடுத்து வைப்பேன். அப்பா திட்ட மாட்டார். அதைத் திரும்ப எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். வெறும் வட்டில்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்கு அழுகையாக வரும்.

மூன்றாம் வருஷக் கோடையில் ஒருநாள், "கிளம்பு தாயி, அம்மாவைக் கூட்டிட்டு வந்துருவோம்" என்றார் அப்பா. நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு கூடை நிறைய அடுக்கினார். பஸ்ஸில் அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பழம்கூடத் தின்னாமல் போனேன். அது அந்த வயதில் செய்யக்கூடிய பெரிய தியாகம்.

தாத்தா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். "வாங்க மாப்ளே" என்றவர், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் என் கன்னத்தைக் கிள்ளினார். தாத்தா திடமாக நடப்பதைப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சுகமாகிவிட்டாரே, இனி அம்மாவுக்கு இங்கே என்ன வேலை?

அம்மா கொல்லையில் இருந்தாள். அங்கே ஒரு பந்தல் நின்றது. கல்கால் ஊன்றி, கம்பி இழுத்துக் கட்டிய திராட்சைப் பந்தல். குலை குலையாகக் காய்த்துத் தொங்கியது. "அப்பா, நம்ம பழத்தைவிடப் பெருசுப்பா!" என்று கத்தினேன். அப்பா ஒரு கல்காலில் கைவைத்து அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. கையிலிருந்த கூடையை அதன் அடியில் இறக்கி வைத்தார்.

அம்மா உள்ளே போய், குதிருக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த சாடியிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்தாள்.

"போன காய்ப்புல போட்டது. சீனி போடலை. எப்படி இருக்கு?"

அப்பா ஒரு வாய் உருட்டினார். துப்பவில்லை. நிறுத்தாமல் முழு டம்ளரையும் குடித்தார்.

"நல்லா வந்திருக்கு."

டம்ளரின் அடியில் விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். தண்ணீராக இருந்தது, புளித்தது, வாசத்தைக் காணோம். "புளிக்குதும்மா. நம்ம வீட்டு ரசந்தான் ருசி. வாம்மா, போவோம்" என்றேன்.

அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "செத்த நேரம் இரு. சோறு போடுறேன்" என்றாள். அவள் கண் அப்பாவிடம் இருந்தது.

அப்பா பந்தலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கரிசலு ஈரத்தை விடாது. காய் திரண்டதும் தண்ணியை நிப்பாட்டிரு. இலையைக் கொஞ்சம் கிள்ளிவிட்டா வெயில் படும். அப்பத்தான் இனிப்பு ஏறும்." பிறகு தளர்ந்து கிடந்த ஒரு கொடியை எடுத்துக் கம்பியில் கட்டிவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டிப்போக வந்த மனுஷர் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "அம்மா எப்பப்பா வருவா?"

"கொடியில காய் கிடக்குல்ல தாயி. பறிச்சிட்டுத்தான வரணும்."

அது எனக்கு நியாயமாகவே பட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வட்டிலைச் சாம்பல் போட்டுத் துலக்கி வைத்தேன். இந்த முறை அப்பா அதைக் கவிழ்க்கவில்லை.

கல்கால் ஊன்றுகிறவர்கள் திரும்பிப் போவதற்காக ஊன்றுவதில்லை என்பதை அப்பா அந்தக் கல்லைத் தொட்டதுமே தெரிந்துகொண்டிருப்பார். பறித்து முடிந்தால் கவாத்து, கவாத்து முடிந்தால் தளிர், பிறகு பூ, பிஞ்சு, மறுபடி காய் என்று எங்கள் சீமையில் திராட்சைக்கு ஓய்வே கிடையாது. தோட்டத்துப் பிள்ளையான எனக்கு அது அப்போதே தெரியும். அதை அம்மாவோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.