சண்முகப்ரியா காட்டிய காற்று

சண்முகப்ரியாவுக்குச் சொந்த ஊர் காரமடை. பீளமேட்டில் படித்து, அங்கேயே ஒரு சந்துக்குள் கம்ப்யூட்டர் கடை போட்டிருக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, ஓனர் இல்லையா என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அவள் உட்காரச் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். நானாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

பல்லடத்தில், எங்கள் தறிக்குடோனிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து சேலைக்கு டிசைன் வரைகிறவள் நான். என் கம்ப்யூட்டர் பெட்டி, அந்தக் காலத்து மாடலில் புதிதாகச் செய்தது. வெண்ணெய் நிறம், முன்னால் பிளாப்பி போடுவதற்கு என்று ஒரு பொய் வாய். ஆசைப்பட்டு வாங்கியது. இந்தக் கோடையில் அது சூடேறிச் சூடேறி, பாதி டிசைனில் பொட்டென்று அணைந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை நின்றால் டிசைனை வெளியில் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் லட்சுமணசாமி சொல்லிவிட்டார்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முன்பக்கத்தை அறுத்து வலை வை என்றார் ஒருவர். தண்ணீர் ஓடுகிற கூலர்தான் சரி என்றார் இன்னொருவர். நான் கூப்பிட்டு நேரில் வந்த சண்முகப்ரியா, தண்ணீர்க் கூலருக்கும் கடைசியில் ஃபேன்தான் காற்றுக் கொடுக்க வேண்டும், தறிப் பஞ்சு அடைத்தால் அதுவும் அவ்வளவுதான் என்றாள். பிறகு ஊதுபத்தி கேட்டாள். பூஜை போடப் போகிறாளாக்கும் என்று என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

பத்தியைப் பற்றவைத்துப் பெட்டியைச் சுற்றிக் காட்டினாள். புகை சரேலென்று பொய் வாய்க்குள் நுழைந்தது. மூடி இடுக்கிலும் திருகாணி ஓட்டையிலும் நுழைந்தது. குடோன் பஞ்சும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அடித்திறப்பில் வடிகட்டி வழியாகக் காற்றை உள்ளே இழுக்க வேண்டிய முன்பக்க ஃபேன் சுற்றவே இல்லை. பின்பக்க ஃபேன் மட்டும், கிடைத்த ஓட்டையிலெல்லாம் இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

கம்ப்ரெஸர் காற்று அடித்தீர்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியாமல் இவர்தான், தினமும் பஞ்சு போகத் தறிக்கு அடிக்கிற குழாயை இதற்கும் காட்டியிருக்கிறார். அந்த வேகத்தில் சுற்றி முன்பக்க ஃபேனின் பேரிங் போய்விட்டது.

முன்னால் அதே வடிகட்டி வழியாக இழுக்கும்படி அகலமாக இரண்டு ஃபேன் வைத்தாள், பின்னால் ஒன்று மெதுவாகச் சுற்றும்படி. உள்ளே வருகிற காற்று அதிகமாக இருந்தால் அதுவே இடுக்குகளைக் காவல் காக்கும் என்றாள். பெட்டியின் முகத்தில் ஒரு கீறல் இல்லை.

உச்சிவெயிலில், எல்லாத் தறியும் ஓட, என் மிகப் பெரிய டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டோம். அணையவில்லை. மறுபடி பத்தியைக் காட்டினாள். புகை ஒவ்வோர் இடுக்கிலும் திரும்பி வெளியே ஓடியது. மிதந்து வந்த பஞ்சு ஒன்று பொய் வாய் வரை வந்து விலகிப் போனது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத ஒன்றை இப்படிப் போ என்று இவள் சொல்கிறாள், அது போகிறதே!

"நாந்தான் கெடுத்துப்போட்டனா?" என்றார் இவர்.

"தறிக்கு அது சரிதானுங்ணா. இதுக்குத்தான் ஆகாது."

இவர் என் பக்கம் திரும்பினார்.

"வெளிய குடுக்க வேண்டாம் அம்மணி. உன்ற வேலையை நீ பாரு."

நான் செய்வதை இவர் வேலை என்று சொன்னது அன்றைக்குத்தான்.