ஆட்டு வயற் படலைகள்

லொங்குய்ய் போகும் மெட்ரோ ரயிலில் பக்கத்தில் இருந்தவரின் நனைந்த கம்பளிக் கோட்டு மணத்தோடு சிறுவயதில் நடந்த வட இங்கிலாந்தின் ஆட்டு வயல்கள் நினைவில் வந்துவிட்டன. ஞாயிறுகளில் அப்பா முன்னே நடக்க, சேலையைத் தூக்கிச் செருகி ரப்பர் பூட்ஸ் போட்ட அம்மா சேற்றில் சளக் சளக்கென்று பின்தொடர, அண்ணை கற்சுவர்களைத் தடவியபடி போக, கடைக்குட்டி நான் எப்போதும் பின்தங்குவேன். வயலுக்கு வயல் கதவாக நிற்கும் ஒவ்வொரு படலையிலும் அப்பா திரும்பாமலே சொல்வார்:

"கடைசியா வாறவர் சாத்திப்போட்டு வரவேணும். இல்லாட்டி ஆடுகள் போயிடும்."

குளிர்ந்த இரும்புக் கொளுக்கியை மாட்டிவிட்டு ஓடுவேன். அடுத்த படலையில் மூவரும் எனக்காக நிற்பார்கள்.

அந்த வயல்களில் இப்போது வீடுகள். அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள்; அண்ணை போன கிழமை. இன்று அவருடைய வீட்டைப் பூட்டித் திறப்பை ஒப்படைத்துவிட்டு வருகிறேன். அடுத்த படலையில் நிற்க ஒருவரும் இல்லை.