TEMP போட்ட கூரைக்கு முட்டு

எங்கள் வீட்டு ஹால் கூரை தற்காலிகமானது என்று நாலைந்து நாள் முழுசாக நம்பினேன். பத்திரத்தில் எழுதிக் கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையனை மகளுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. இந்த இடம் தவறிவிடக் கூடாது. அதற்காக பீரோவை ஒதுக்கும்போதுதான் அப்பா வீடு கட்டிய காலத்து நீல வரைபடம் கிடைத்தது. உரக்கடை வைத்திருக்கும் எனக்குக் கம்பியைப் பற்றி என்ன தெரியும்? மடித்து வைத்திருக்கலாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். பீம் ஓரத்தில் U.N.O. என்றிருந்தது. ஐ.நா. சபையே நம் பீமைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். ஹால் கூரைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன். கம்பிகளுக்கு நேராக வரிசையாய் TEMP, TEMP, TEMP. டெம்பரவரி! பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏதோ கம்பியைப் போட்டுவிட்டு, மாற்றாமலே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இம்புட்டு வருசம் நிக்குதுல்ல, இனிமே என்னவாம்?" என்றாள் மனைவி.

"இம்புட்டு வருசம் நின்னதுதான் பயமே. அதுக்கும் அலுத்திருக்கும்ல. மாப்ள வீட்டுக்காரக மொத்தமா வந்து அதுக்கு அடியில ஒக்காந்தா?"

"மொதல்ல ஒங்க வயித்துக்கு ஒரு முட்டுக் குடுங்க. அதுதான் சரிஞ்சுக்கிட்டே வருது."

நான் கேட்கவில்லை. பந்தல்காரரிடம் சவுக்குக் கட்டைகளை வாடகைக்கு எடுத்து, ஹால் முழுக்கக் கூரைக்கு முட்டுக் கொடுத்து, அடியில் ஆப்பும் அடிக்க வைத்தேன். டிவி பார்க்க வேண்டுமென்றால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே கழுத்தை நீட்ட வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம், என் ஃபோன் தொல்லை தாங்காமல், தெரிந்த இன்ஜினியர் ஒருவர் வந்தார். படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே, இது டெம்பரேச்சர் கம்பி. வெயில்ல காங்கிரீட்டு விரிஞ்சு சுருங்கும்ல, அப்ப வெடிக்காம இருக்கப் போடுறது. எல்லா வீட்லயும் இருக்கும்."

"அப்ப இந்த ஐ.நா. சபை?" என்று U.N.O.வைக் காட்டினேன்.

"அது 'அன்லெஸ் நோட்டட் அதர்வைஸ்'. வேற எங்கயும் தனியாக் குறிக்கலன்னா இதே அளவுன்னு அர்த்தம்ணே. அவுகளுக்கு ஆயிரம் வேல, விட்ருங்க."

மனைவி சிரித்த சிரிப்புக்கே கூரை விழுந்திருக்க வேண்டும்.

உடனே பந்தல்காரரைக் கூப்பிட்டேன். ஆட்களோடு சேவுகம்பட்டியில் திருவிழாப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். திங்கள்கிழமைதான் வர முடியுமாம். நானே ஒரு கட்டையை உதைத்துப் பார்த்தேன். அது அசையவில்லை. என் கால் பெருவிரல் நகம் கறுத்தது.

மறுநாள் சின்னாளப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் சரியில்லை.

"நாங்க இன்னும் பொண்ணவே பாக்கல. அதுக்குள்ள பந்தக்காலு ஊண்டிட்டீகளா?"

அந்த நிமிஷம் கூரை என் தலையில் விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

காபித் தட்டோடு வந்த மகள்தான் பேசினாள். "பந்தல் இல்ல அத்தை. கூரை ஒங்க மேல விழுந்துருமோன்னு பயந்து அப்பா முட்டுக் குடுத்திருக்காக."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு ஒரு கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நான் இதுகிட்டயே ஒக்காந்துக்கிறேன். கேசரிய இங்கிட்டுக் குடுங்க."

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார்கள். திங்கள்கிழமை பந்தல்காரர் வந்து கட்டைகளை எடுத்துப் போனார்.