சோலூர்த் தேயிலையில் நான் பொறுக்கிய குப்பை

போன ஜூன் முதல் வாரத்தில் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. கிடைத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், சண்டை போட்டுத்தான் வாங்கினேன். திருச்சியில் ஒரு கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கண் பரிசோதிக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு கேமரா வாங்கியதிலிருந்து ஒரே ஒரு பறவை என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. நீலகிரிச் சிரிப்பான். வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு, கூட்டமாக வாய்விட்டுச் சிரிப்பதுபோல ஒரு குரல். நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. என்னிடம் அதன் வால் மட்டும் பதினேழு படங்களில் இருக்கிறது. இந்த முறை முகம் வேண்டும் என்று கிளம்பினேன்.

கோவை வரை ரயில், அங்கிருந்து உதகைக்குப் பேருந்து, நான்கு மணி நேரம். சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், சோதனைச்சாவடியில் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கூடாது. எங்கள் பேருந்தில் ஒருவர் தன் பாட்டிலைக் கொடுக்க மனமில்லாமல் ஒரு லிட்டரையும் அங்கேயே நின்று குடித்து முடித்தார். எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும். தெருவில் கிடக்கும் காகிதத்தைக்கூடக் குனிந்து எடுக்கிறவள் நான். என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘முனிசிபாலிட்டி’.

உதகையிலிருந்து சோலூர் இருபது கிலோமீட்டர். மூன்று நாளுக்கும் வண்டி ஓட்டியவர் சிவராஜ். நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மகன், குன்னூரில் பிறந்து வளர்ந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். தங்கியது ஒரு எஸ்டேட்டுக்குள் இருக்கும் வீட்டில், சாப்பாட்டோடு நாளுக்கு ஆயிரத்து அறுநூறு. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே போகும் நடைபாதையில் இருபது நிமிடம் நடந்தால் சோலைக்காட்டின் விளிம்பு வந்துவிடும். காட்டுக்குள் நுழைய அனுமதி கிடையாது. விளிம்பில் நின்றாலே போதும்.

முதல் நாள் மழை. இரண்டாம் நாள் விடியற்காலை முதல் மாலை ஐந்து வரை நின்றேன். இதே மாதத்தில் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: சோலைக்குள் பகல் பன்னிரண்டு மணிக்கும் சாயங்கால வெளிச்சம்தான். ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏற்றியும் ஷட்டர் எண்பதில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை. நம் மூச்சுக்காற்றே வியூஃபைண்டரில் ஆவியாகப் படிந்துவிடும், ஆகவே மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழகுங்கள். கேமராவுக்கு மழையுறை வாங்குவதைவிடப் பெரிய குடையைப் பிடித்துக்கொள்வது மேல். அட்டைக்குத் தனிக் காலுறை போட்டிருந்தேன், ஆனாலும் ஒன்று எப்படியோ என் கழுத்து வரை பயணம் செய்திருந்தது. சிரிப்பான்கள் நாள் முழுக்கச் சிரித்தன. பதினெட்டாவது வால் கிடைத்தது.

அந்த எரிச்சலோடு திரும்பும்போதுதான் அதைப் பார்த்தேன். பாதையிலிருந்து ஏழெட்டு வரிசை உள்ளே, ஒரு தேயிலைச் செடியின் தலையில் நீல பிளாஸ்டிக் துண்டு. அழுக்கேறி, கிழிந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்குக்குத் தடை போட்ட மலையில் இப்படியா என்று கோபம் வந்தது. செடிகளுக்குள் புகுந்து போய், கையைக் கீறிக்கொண்டு, அதை அவிழ்த்து என் குப்பைப் பையில் போட்டேன். வழியில் கிடந்த இரண்டு சிப்ஸ் பாக்கெட்டையும் பொறுக்கினேன். “உங்க ஊரை நான் சுத்தம் பண்றேன் பாருங்க” என்று கூட வந்த சிவராஜிடம் சொன்னேன். “ரொம்ப நல்லதுங்க மேடம்” என்றார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள்தான் கடைசி வாய்ப்பு. பதினோரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். காலை ஆறு மணிக்கு நானும் சிவராஜும் அதே பாதையில் வந்தபோது பனிமூட்டத்துக்குள் ஒரு அம்மா செடி செடியாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டும் பிளாஸ்டிக் படங்கு, தலையில் கம்பளித் துணி. பெயர் பாக்கியம், அதே எஸ்டேட்டில் வேலை.

“என்னங்கக்கா தேடுறீங்க?” என்று சிவராஜ் கேட்டார்.

“இந்த நெரையிலதான் ஒரு அடையாளம் கட்டியிருந்தேன் தம்பி. கொண்டைக்குருவி கூடு வச்சிருக்கு. நேத்து மத்தியானம்கூட இருந்துச்சு. எவளோ அவுத்துட்டா. எட்டு மணிக்கு இந்த மலைக்கு மெஷின் வருது.”

அவர் பேச்சில் நெரை என்றால் செடி வரிசை, மலை என்றால் எஸ்டேட்டின் ஒரு பகுதி. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம், அங்கத்திய சொற்கள் அவர் நாக்கில் அப்படியே இருக்கின்றன. மூன்று வாரமாக அந்தப் பகுதியில் கொழுந்து எடுக்கவில்லை. செடிகள் ஒரு சாண் வளர்ந்திருந்தன, அந்தப் புதுத் தளிர்களுக்குள்தான் கூடு. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போகும் கொழுந்து மெஷின் வந்தால் அந்தச் சாணையும் சீவிவிடும்.

நேற்று என் குப்பைப் பைக்குள் போனது அந்த அடையாளம்தான். சிவராஜ் என் பக்கம் திரும்பவே இல்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். அவர் பேசாமல் இருந்தால் நானும் பேசாமல் போயிருக்கலாம், அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சோலைப் பக்கம் சிரிப்பான்கள் வேறு ஆரம்பித்திருந்தன, அதுவும் இதுவரை கேட்காத அளவுக்கு அருகில்.

“அக்கா, நான்தான் அவுத்தேன். குப்பைன்னு நெனச்சிட்டேன்” என்றேன்.

பாக்கியம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, குப்பை செடியில முடிச்சா போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்?” திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு மெதுவாகச் சொன்னார். “போன வருசம் மெஷினுக்குப் பின்னாடி நான்தான் பை புடிச்சேன். கொழுந்தோட சேந்து ரெண்டு குஞ்சு பையில வந்து விழுந்துச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. அதுலருந்துதான் கூடு பாத்தா கட்டி வைக்கிறேன். மெஷின்காரப் பசங்க பாத்தா சுத்திப் போயிருவாங்க.”

எந்தச் செடி என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கும் அடையாளம் இல்லாமல் தெரியவில்லை. பனியில் ஒரு செடியும் இன்னொரு செடியும் ஒன்றுபோலவே இருந்தன. கையால் விலக்கித் தேடினால் கூடு சாய்ந்துவிடும் என்ற பயம் வேறு. அவர் ஏழரைக்குள் வேறு மலைக்கு வேலைக்குப் போய் நிற்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சும்மா உட்கார்ந்து பறவையைப் பார்ப்பது. “எல்லாரும் வெளிய வந்துருங்க. தாய்க்குருவி நமக்குக் காட்டும்” என்றேன். பாதையின் அந்தப் பக்கம் போய் ஈர மண்ணில் குடையைச் சாய்த்து உட்கார்ந்தோம். சோலைக்குப் போகவேண்டிய லென்ஸைத் தேயிலைப் பக்கம் திருப்பினேன்.

பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. சிரிப்பான்கள் இப்போது காட்டை விட்டே வெளியே வந்திருந்தன. என் முதுகுக்குப் பின்னால் இருபதடி தூரத்தில், வேலியில். கூட்டமாகச் சிரித்தன. யாரைப் பார்த்துச் சிரித்தன என்று எனக்குச் சந்தேகமே இல்லை. “மேடம், திரும்பிப் பாருங்க, முழுசா உக்காந்திருக்குதுங்க” என்று சிவராஜ் கிசுகிசுத்தார். அதே நொடியில் எதிரே சில்வர் ஓக் கிளையில் கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தது. நம் ஊர்த் தோட்டத்திலும் திரியும் சாதாரணக் குருவி, புத்தகத்தில் செம்மீசைச் சின்னான். நான் அதற்காக ஒரு படம்கூட வீணாக்கியதில்லை. அதன் அலகில் ஒரு பச்சைப் புழு இருந்தது. நான் திரும்பவில்லை. அந்தப் புழுவை விட்டுக் கண்ணை எடுத்தால் காரியம் கெட்டுவிடும்.

குருவி இரண்டு முறை ஏமாற்றியது. வேறு செடியில் இறங்குவதுபோல இறங்கி மறுபடியும் கிளைக்கே வந்தது. மூன்றாம் முறை நேராக இறங்கி மறைந்தது. வெளியே வந்தபோது அலகில் புழு இல்லை. ஜோடிக் குருவியும் அதே இடத்தில் இறங்கியது. “மூணாவது நெரை, வளைஞ்ச செடிக்கு இந்தப் பக்கம்” என்றேன். ஏழு பதினைந்து. பாக்கியம் அக்கா பூனைபோல நடந்து போனார், இலையைத் தொடாமல் எட்டிப் பார்த்தார், எங்களுக்கு இரண்டு விரலைக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் தேயிலைத் தோட்டத்தில் உட்கார்ந்து அழுதேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடையாளம் கட்ட என் லென்ஸ் துடைக்கும் ஆரஞ்சுத் துணியை நீட்டினேன். வாங்கவில்லை. “நல்ல துணி கட்டுனா எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருவான். பாக்க அசிங்கமா இருக்கணும், அப்பத்தான் ஒருத்தரும் தொடமாட்டாங்க. உங்களை மாதிரி ஒரு ஆளு வரும்னு நான் நெனைக்கல” என்று முதல் முறையாகச் சிரித்தார். தன் படங்கின் ஓரத்தைக் கிழித்து இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினார்.

நான் சோலைக்குப் போகவில்லை. எட்டு இருபதுக்கு மெஷின் அந்த வரிசைக்கு வந்தது. துண்டைப் பார்த்ததும் பிடித்திருந்த இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல் மெஷினைத் தூக்கி, அந்தச் செடியைத் தாண்டி, மறுபடி இறக்கினார்கள். அவர்களுக்கு அது அவ்வளவு சாதாரணம். சுற்றிலும் எல்லாம் மட்டமாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு செடி மட்டும் தலைவாராமல் நின்றது.

கூட்டின் படம் எங்கே என்று கேட்காதீர்கள், எடுக்கவில்லை. நீங்களும் எங்கே கூடு கண்டாலும் எடுக்க வேண்டாம், நாம் போய்வந்த வழி தெரிந்தால் காக்கைக்குத்தான் லாபம். சிரிப்பானுக்கு விடியற்காலை ஆறரை முதல் ஏழரை வரைதான் நல்ல நேரம், சோலையைவிட அதை ஒட்டிய வேலியைப் பாருங்கள். குப்பை பொறுக்குகிறவர்கள் தாராளமாகப் பொறுக்குங்கள், நானும் இன்னும் பொறுக்குகிறேன். ஆனால் எஸ்டேட்டில் எதையாவது கட்டி வைத்திருந்தால், அவிழ்ப்பதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர் ஒருவரிடம் கேளுங்கள்.

ஒன்பது நாள் கழித்து சிவராஜ் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அதே செடி, அதே துண்டு. கீழே குரல் செய்தி: “குஞ்சு ரெண்டும் நேத்துப் பறந்துருச்சுங்களாம் மேடம். பாக்கியம் அக்கா உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. இப்ப அது குப்பைதானுங்களாம், வந்து எடுத்துக்கலாமுங்களாம்.”