பீலியில் இறங்கிய பச்சைத் தண்ணீர்

1. நான் கையெழுத்துப் போட்ட பிளான்

ஹட்டனுக்கு மேலே, தேயிலை மலையொன்றை எடுத்துக் கட்டிய பல்கலைக்கழக வளாகம் எங்களுடையது. குடிநீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் திட்டம் போடும் பொறியியலாளராக அங்கே வேலை செய்தேன். ஒவ்வொரு வருடமும் மாணவர் தொகை கூடியது. அந்த வருடம் முந்நூறு பேருக்கு ஒரு புது விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கழிவுநீர், தொட்டியில் தெளிந்த பின் மண்ணுக்குள் இறங்குவதற்காக, கீழ்ச் சரிவில் பெரிய சோக்கேஜ் குழி ஒன்றைக் குறித்திருந்தேன். திங்கட்கிழமை பெக்கோ இயந்திரம் வந்து தோண்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் முளை அடித்துக்கொண்டிருந்தபோது, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண் நின்று பார்த்தார். பெயர் சரோஜா. கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருப்பவர்.

“சேர், இந்தக் குழியில என்னா வுடப் போறீங்க?”

“ஆஸ்டல் தண்ணிம்மா. பாத்ரூம் தண்ணி எல்லாம்.”

அவர் முகம் மாறியது. “இதுக்கு நேர் கீழதான் எங்க பீலி இருக்கு. நாப்பது வீடும் அதுலதான் குடிக்கிறோம்.”

அவரோடு இறங்கிப் போனேன். புதருக்குள் ஊற்று. அதிலிருந்து ஒரு மூங்கில் பீலி வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சேர்வே பிளான் வளாக வேலியோடு முடிந்திருந்தது; பீலி வேலிக்கு அறுபதடி வெளியே. நான் ஒருமுறைகூட அந்தப் பக்கம் இறங்கியதில்லை.

2. ஒரு வாரம்

அன்றைக்கே பிரதம பொறியியலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் மோசமான மனிதர் அல்ல. அவருக்கும் நெருக்கடி.

“அது நம்ம எல்லையில இல்லையே. வேலைய நிப்பாட்டினா ஆஸ்டல் தொறக்கிறது தள்ளிப் போகும். வர்ற பிள்ளைங்கள எங்க தங்க வைக்கிறது?”

“ஒரு வாரம் குடுங்க சேர். சாயம் ஊத்திப் பாப்போம். பீலிக்கு வரலேன்னா நானே நின்னு குழிய வெட்டுறேன்.”

யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

மண் பரிசோதனைக்காக முன்பே வெட்டிய சிறு குழி அங்கே இருந்தது. திங்கட்கிழமை அதில் பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பினோம். லயத்துக்குப் பவுசர் வண்டியில் குடிதண்ணீர் அனுப்பினோம். காலையும் மாலையும் பீலியில் ஒரு போத்தல் பிடித்துப் பார்க்கும் பொறுப்பைச் சரோஜா எடுத்துக்கொண்டார்.

மூன்று நாள் தண்ணீர் தெளிவாகவே வந்தது. உண்மையைச் சொல்கிறேன், சாயம் வராமலே போகட்டும் என்று மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. வந்தால் பிழை என்னுடையது.

நாலாம் நாள் காலையில் சரோஜாவிடமிருந்து போன் வந்தது. “சேர், பச்சையா வருது! ஓடி வாங்க!”

ஓடினேன். போத்தலை வெயிலில் பிடித்துக் காட்டினார். இளம்பச்சை. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னா சேர், பயந்துட்டீங்களா?”

“இல்லம்மா. நல்லவேளை, இன்னைக்கு வந்தது சாயம் மட்டுந்தான்.”

அந்தப் போத்தலைக் கொண்டுபோய்ப் பிரதம பொறியியலாளரின் மேசையில் வைத்தேன். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “பிளான மாத்துங்க,” என்றார்.

குழியை மலையின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். மேலே ஏற்ற ஒரு பம்ப் கூடுதலாகத் தேவைப்பட்டது. இம்முறை வரைவதற்கு முன், சரோஜாவையும் லயத்து ஆட்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, அந்தச் சரிவின் அடியில் ஓடும் ஓடை வரைக்கும் நடந்து, அங்கே யாரும் தண்ணீர் எடுப்பதில்லை என்று பார்த்துக்கொண்டேன். விடுதி இரண்டு மாதம் பிந்தித் திறந்தது. அதுவரை பழைய விடுதியில் இரண்டு பேர் அறையில் மூன்று பேரை நெருக்கி வைத்தோம். மாணவர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்த ஏச்சு எனக்கு வலிக்கவே இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மலையில் எதைக் கட்டினாலும் அதற்குக் கீழே யாரோ குடியிருப்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் இறங்கிப் போய், எங்கே தண்ணீர் பிடிக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அவர்களே மேலே வந்து சொன்னதால் தப்பித்தேன்.