ஒழுகிப்போன உப்பு

மீன்பிடிக் கூட்டுறவில் ஒர்மன்பெக்கின் வேலை சின்னதுதான். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை ஆரல் கடலின் பனியைத் துளைத்து, வெப்பமானியை இறக்கி அளவு குறித்துக்கொள்வான். ஒரு புட்டி தண்ணீரை நகரத்துச் சோதனைக்கூடத்தில் சேர்ப்பான். ஆற்று நீரைத் தேக்கிக் கடலின் உப்பைக் குறைக்க மணல் அணை கட்டி மூன்று வருஷமாகியிருந்தது. உப்பு குறைந்தால் கெண்டைக் குஞ்சு விடலாம் என்று ஊரே அந்தப் புட்டியைப் பார்த்துக் காத்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியான பிப்ரவரிப் புட்டியைச் சறுக்குவண்டியிலேயே விட்டுவிட்டு மைத்துனன் வீட்டில் தேநீர் குடித்தான். திரும்பி வந்தால் புட்டி விரிசல் விட்டிருந்தது. உள்ளே பனிக்கட்டி. உறையாத தண்ணீர் வைக்கோலில் ஒழுகியிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தான். கடுங்கரிப்பு.

உறையும் தண்ணீர் உப்பை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் குளிர்காலத்தில் பனிக்கு அடியில் கடல் இன்னும் கரிக்கும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் மறுபடி போய்வர அரை நாள் ஆகும். மிச்சக் கட்டியை உருக்கி வேறு புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டான்.

உப்பு பாதியாகிவிட்டது என்று முடிவு வந்தது.

"உன் வாயில வெண்ணெய் வைக்கணும்டா!" என்று கட்டிக்கொண்டார் படகுக்குழுத் தலைவர் குவாந்திக். விருந்தில் மாமனாரும் உட்கார்ந்திருக்க, பெரியவர்களுக்கு மரியாதையாக வைக்கும் வெந்த ஆட்டுத்தலையை ஒர்மன்பெக் முன்னால் வைத்தார்கள்.

"மாமனார் இருக்கும்போது மாப்பிள்ளைக்குத் தலையா?" என்று யாரோ கேலி செய்தார்கள். ஒர்மன்பெக் ஆட்டின் காதை அறுத்து எடுத்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். நாள் தள்ளத்தள்ள வாய் வரவில்லை.

மே மாதம் குஞ்சுகளோடு தொட்டி லாரி வந்தது. முதல் வாளியைக் கடலில் கொட்டினார்கள். ஒரு சுருட்டு பிடிக்கும் நேரத்தில் குஞ்சுகள் பக்கவாட்டில் சாயத் தொடங்கின.

"நிறுத்துங்க அண்ணே!" என்று ஓடிவந்தான் ஒர்மன்பெக். "பிப்ரவரியில எடுத்த புட்டி உடைஞ்சுபோச்சு. உப்பெல்லாம் ஒழுகிருச்சு. நான் குடுத்தது மிச்ச பனிதான்."

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றார் குவாந்திக்.

"அன்னைக்கே."

"தெரிஞ்சுமா தலைக்கறி தின்ன?"

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒர்மன்பெக்கின் மாமனார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"வண்டியத் திருப்புப்பா, மிச்சத்த உப்பு கம்மியான ஆத்து முகத்துல விட்டுடலாம்," என்றார் குவாந்திக்.

ஒர்மன்பெக் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சாய்ந்த குஞ்சுகளைக் கையால் அள்ளி வாளியில் போட்டான். சிலது இன்னும் வாயைத் திறந்து மூடின. லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. யாரும் அவனை ஏறச் சொல்லவில்லை.