புது மண்

சாட்சி சொல்ல வருகிறவர்களை அந்த ஜட்ஜ் நிற்க விடமாட்டார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. "உட்காந்து சொல்லுங்க" என்று நாற்காலியைக் காட்டுவார். திருவாரூர் கோர்ட்டில் நானும் உட்கார்ந்துதான் சொன்னேன், எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைப் பக்கத்துப் பண்ணைக்காரர் மண் கொட்டித் தூர்த்துவிட்டார் என்று. அங்கே வாய்க்காலே இருந்ததில்லை என்றார் அவர்.

இடத்தைப் பார்க்க ஜட்ஜே வந்தார். வக்கீல்கள் வரப்பில் நிற்க, இவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்தார்.

"கொட்டுன மண்ணுங்க ஐயா" என்றேன்.

"தெரியுதும்மா. நானும் வயக்காட்டுல பொறந்தவன்தான்."

அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம், உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருப்பதாகப் பேச்சு வந்தது. பண்ணைக்காரருக்கு மேலே வரைக்கும் ஆள் உண்டு. தீர்ப்பு மட்டும்தான் பாக்கி. அதை நான்கு முறை தள்ளிவைத்தார். ஐந்தாம் முறை போனபோது அவருக்கு வழியனுப்பு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம தீர்ப்பு என்னங்க ஆச்சு?" என்று என் வக்கீலைக் கேட்டேன்.

"புது ஜட்ஜ் மறுபடி கேப்பாரும்மா. இடத்தையும் வந்து பாப்பாரு."

என்னத்தைப் பார்ப்பார்? கொட்டின மண்ணில் அதற்குள் அருகம்புல் படர்ந்துவிட்டது. அது புது மண்ணாக இருந்தபோது தொட்டுப் பார்த்த ஜட்ஜ் இவர் ஒருவர்தான்.

மாலையோடு வெளியே வந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்மா நிக்கிறீங்க? உட்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார். குரலில் பழைய கனிவு அப்படியே இருந்தது.

நான் உட்காரவில்லை.